திருஷ்டிப் பூசணி ஜூஸான கதை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூவீலர் ஓட்டுகிறவர்கள் தரையைப் பார்த்தே ஓட்டுவார்கள். லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பவுடர் கோட்டிங், லாரி ஷெட் என்று எந்த வாசலைப் பார்த்தாலும் ஒரு பூசணிக்காய் சிதறிக் கிடக்கும். வெள்ளைச் சதை, நடுவில் குங்குமம், பொறுக்கியது போக மிச்சமிருக்கும் சில்லறை. 1964இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் மெஷினுக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஆண்டுக்கு ஒரு நாள் இவ்வளவு பூசணி உயிரை விடுகிறது.

அதே காய் இப்போது இன்னொரு வேலையிலும் சேர்ந்திருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலை வாக்கிங் போகிறவர்கள் கூடும் இடங்களில், அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், பாகற்காய்ச் சாறுகளின் வரிசையில் வெண்பூசணி ஜூஸும் நிற்கிறது. உடல் எடை குறைய, ரத்தம் சுத்தமாக, கொலஸ்ட்ரால் கரைய என்று பலகையில் எழுதியிருக்கும். வாசலில் உடைத்தால் கண்ணேறு கழியும், வயிற்றில் ஊற்றினால் கழிவு கழியும். முதல் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வழி கிடையாது. இரண்டாவதைச் சோதிக்கலாம். அதற்கு இந்தக் காயின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போக வேண்டும்.

பூசணி தரையில் ஓடும் கொடி. விதைத்து முழுக்க முற்றிய காய் கைக்கு வர நான்கைந்து மாதம் ஆகும். பிஞ்சில் மேலெல்லாம் சொரசொரப்பான முடி. முற்ற முற்ற முடி உதிர்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு மெழுகுப் பொடி படியும். அந்த மெழுகுதான் இதன் சொத்து. உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போகாமல், வெளியிலிருக்கும் கிருமி உள்ளே வராமல் அது காக்கிறது. பரணில் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. குளிர்பதனக் கிடங்கு இல்லாத காலத்தில் கல்யாண வீடுகள் இதை நம்பியதற்கும், கட்டி முடியாத வீட்டின் வாசலில் அசுர முகம் வரைந்து மாதக்கணக்கில் தொங்கவிட முடிவதற்கும் இதே மெழுகுதான் காரணம். தக்காளியில் முகம் வரைந்து தொங்கவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்காரருக்கே திருஷ்டி.

தோலைச் சீவிவிட்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர். 100 கிராமில் சுமார் 96 கிராம். கலோரி 13 அல்லது அதை ஒட்டி. புரதம் அரை கிராமுக்கும் கீழே. நார்ச்சத்து 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, வைட்டமின் சி 13 மில்லிகிராம் அளவில். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டம்ளரிடம் கணக்குக் கேட்க உதவும்.

ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் லாரியேறும் காய் கோயம்பேட்டுக்கு வருகிறது. கோத்தவால்சாவடியின் நெரிசல் தாங்காமல் 1996இல் 295 ஏக்கரில் திறந்த மார்க்கெட் அது. பெங்களூர் சாலையில் வரும் லாரிகள் திருமழிசையையும் பூந்தமல்லியையும் தாண்டித்தான் உள்ளே நுழையும். ஆக, பூந்தமல்லிக்காரர் கண்ணெதிரே கோயம்பேடு போகும் காய், சில்லறைக் கடைக்காரரின் டெம்போவில் அதே சாலையில் திரும்பி அவரிடமே வரும். இந்த வேடிக்கை ஒரு முறை மட்டும் நின்றது. 2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து கொரோனா பரவியபோது மார்க்கெட்டை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசையில் திறந்த வெளிக்கு மாற்றினார்கள். தகரக் கொட்டகை, மழை பெய்தால் சேறு. செப்டம்பர் கடைசியில் மீண்டும் கோயம்பேடு திறக்கும்வரை சென்னை சாப்பிட்ட காய்கறிக்குத் திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊரே தலைநகரம். அந்த மாதங்களில்தான் 'இம்யூனிட்டி' என்ற சொல் கஷாயத்திலும் ஜூஸிலும் ஒட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனது.

மார்க்கெட்டிலிருந்து பூசணிக்கு மூன்று வழி. ஒன்று சமையலறை. மோர்க்குழம்பு, கூட்டு, வடகம், கல்யாணச் சாம்பார், காசி அல்வா. இரண்டாவது, மேலே சொன்ன வாசல். மூன்றாவது மருந்துக் கடை. சித்த மருத்துவத்தில் வெண்பூசணி லேகியம் பழைய சரக்கு. உடல் மெலிந்தவர் தேறுவதற்காக நெய்யும் இனிப்பும் சேர்த்துக் கிண்டிக் கொடுப்பது. எடை கூட்டக் கொடுத்த அதே காய் இன்று எடை குறைக்க விற்கிறது என்பதில் குறைசொல்ல எதுவும் இல்லை. நெய்யும் சர்க்கரையும் போனால் கணக்கு மாறத்தானே செய்யும்.

ஜூஸ் என்ற நான்காவது வழி அண்மைக்காலத்தில் அகலமானது. ஜக்கி வாசுதேவின் வீடியோக்கள் காலையில் வெறும் வயிற்றில் பூசணிச் சாறு குடிக்கச் சொல்லிப் பல லட்சம் பேரை எட்டின. அதற்கும் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சரடு உண்டு. ஜெர்மனியின் லூயி கூனே எழுதிய இயற்கை மருத்துவ நூல் 1894இலேயே தெலுங்கில் வந்துவிட்டது. எல்லா நோய்க்கும் உடலில் தேங்கிய அந்நியப் பொருளே காரணம், அதை வெளியேற்றினால் போதும் என்பது அவர் வாதம். காந்தி இதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். 1946இல் புனே அருகே உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ மனையையே தொடங்கினார். அமெரிக்காவில் ஸ்டான்லி பர்ரோஸ் என்பவர் எலுமிச்சைச் சாறு, மேப்பிள் பாகு, மிளகாய்த்தூள் மூன்றையும் தண்ணீரில் கலந்து பத்து நாள், அதற்கு மேலும் குடிக்கச் சொன்னார். 1976இல் அது புத்தகமாக வந்தது. 2006இல் பாடகி பியான்சே ஒரு படத்துக்காக அப்படி எடை குறைத்ததாகச் சொன்னதும் உலகமே எலுமிச்சை பிழிந்தது. கூனேயின் வாதம், ஹாலிவுட்டின் அவசரம், நம் பாட்டியின் பட்டினி வைத்தியம் மூன்றும் சேர்ந்து இப்போது ஆறு பாட்டில் கொண்ட அட்டைப்பெட்டியாக வீட்டு வாசலில் இறங்குகிறது.

சரி, டம்ளருக்கு வருவோம்.

ஒரு டம்ளர் ஜூஸுக்கு 300, 400 கிராம் காய் தேவை. மிக்ஸியில் அடித்துத் துணியில் வடிகட்டுகிறார்கள். வடிகட்டியில் நிற்கும் சக்கையில் நார்ச்சத்தின் பெரும்பங்கு போய்விடுகிறது. டம்ளரில் மிஞ்சுவது தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் வைட்டமின் சி, கொஞ்சம் தாது உப்பு. மொத்தம் 40, 50 கலோரி. புரதம் ஒன்றரை கிராமைத் தாண்டாது. பூசணி சத்தில் ஏழை என்பதால் இதில் கெட்டதும் குறைவு. இதுவே 250 மில்லி ஆரஞ்சு ஜூஸ் என்றால் சுமார் 20 கிராம் சர்க்கரை, மூன்று நான்கு பழத்தின் சர்க்கரை இரண்டு நிமிடத்தில் உள்ளே போகும். கரும்புச்சாறு இன்னும் மோசம். 100 மில்லியில் 13 முதல் 15 கிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் அடித்து 'ஏபிசி ஜூஸ்' என்று கொடுக்கிறார்களே, அதில் முதல் எழுத்துக்கு உரியது பழச்சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியான 'இந்தியாப்' நீரிழிவு ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்த ஊரில் இனிப்பான ஜூஸை ஆரோக்கியம் என்று விற்பவர் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

நார் போவது சின்ன விஷயமில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1,87,000க்கும் மேற்பட்ட அமெரிக்க மருத்துவப் பணியாளர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முழுப் பழம் தின்றவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக வந்தது, ஜூஸ் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. வாரத்தில் மூன்று டம்ளர் ஜூஸை முழுப் பழமாக மாற்றினால் ஆபத்து 7 சதவீதம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. பழம் அதே பழம்தான். பற்கள் செய்ய வேண்டிய வேலையை மிக்ஸி செய்துவிட்டது, அவ்வளவு.

இனி சாறு உள்ளே இறங்குகிறது. திட உணவைப்போல் இரைப்பையில் தங்காது, விரைவில் சிறுகுடலுக்குப் போய்விடும். சர்க்கரையும் தாது உப்புகளும் ரத்தத்தில் சேர்ந்து கல்லீரலுக்கு வருகின்றன. ஜூஸ் வந்து சுத்தம் செய்வதாகப் பலகை சொன்ன இடம் இதுதான். அங்கே ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருக்கிறது. குடித்த மதுவை உடைப்பது, புரதம் செரித்ததில் வந்த அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது, விழுங்கிய மாத்திரையைக் கரைந்து வெளியேறும் வடிவத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் அங்குள்ள நொதிகளின் அன்றாட ஷிஃப்ட். அடுத்து சிறுநீரகம். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, தேவையானதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே விடுகிறது. காலையில் குடித்த பூசணித் தண்ணீரில் மிகையானது சில மணி நேரத்தில் சிறுநீராகிவிடும். போகும்போது எந்த நச்சைக் கூட்டிப்போனது என்று கேட்டால் விற்பவரிடம் பெயர் இருக்காது.

பெயர் உள்ள நச்சுகள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. முலாம் பூசும் பட்டறையில் குரோமியம், பழைய பேட்டரி உடைக்கும் இடத்தில் ஈயம். ஈயம் ஏறினால் ரத்தப் பரிசோதனையில் அளவு தெரியும். அளவு கூடினால் அதைப் பிடித்து வெளியேற்றத் தனி மருந்து இருக்கிறது, மருத்துவமனையில் கொடுப்பார்கள். நச்சு நீக்கம் என்றால் அது. பெயர் சொல்லி, அளந்து, குறைந்ததா என்று மறுபடி அளப்பது. 2015இல் வணிக 'டீடாக்ஸ்' உணவுத் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அவற்றில் எதையும் மனிதர்களிடம் முறையான ஒப்பீட்டுச் சோதனையில் யாரும் நிரூபிக்கவில்லை என்று எழுதினார்கள். பூசணிச் சாறு எலிகளின் வயிற்றுப் புண்ணைக் குறைத்ததாக ஆய்வு உண்டு. எலிகளுக்கு வாழ்த்துகள்.

அப்படியானால் குடிக்கிற மாமாவும் அத்தையும் 'உடம்பு லேசா இருக்குப்பா' என்கிறார்களே, பொய்யா? இல்லை. முன்பு காலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் நாலு பிஸ்கெட்டும் வடையும் போன இடத்தில் இப்போது 40 கலோரித் தண்ணீர் போகிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்புக்கு ஒரு டம்ளர் நீர் கிடைக்கிறது. ஜூஸ் குடிக்க வேண்டும் என்பதற்காகவே ஐந்தரைக்கு எழுந்து நடக்கிறார்கள். காய்கறியே ஆகாதவர் தட்டில் ஒரு காயாவது சேர்கிறது. பூசணிக்குக் கிடைக்கும் பாராட்டில் முக்கால்வாசி, வராமல்போன வடைக்கு உரியது. வெறும் தண்ணீர் குடித்தால் இந்தப் பலனெல்லாம் வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் வெறும் தண்ணீருக்காக யார் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறார்கள்?

காலையில் ஒரு டம்ளர் என்பது வேறு, மூன்று நாள், ஏழு நாள், மாதக்கணக்கு என்று ஜூஸையே சோறாக்குவது வேறு. ஜூஸ் மட்டும் குடித்தால் மூன்றே நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைவது உண்மைதான். கல்லீரலிலும் தசையிலும் நாம் அவசரத்துக்குச் சேர்த்துவைத்திருக்கும் கிளைகோஜன் சுமார் அரைக் கிலோ. அது தன்னைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாடு நின்றதும் கிளைகோஜன் கரைகிறது, பிடித்த தண்ணீரும் போகிறது, தராசு சந்தோஷப்படுகிறது. நாலாம் நாள் பிரியாணி சாப்பிட்டால் தண்ணீர் திரும்ப வந்து உட்காரும். இதற்கிடையில் புரதம்? 65 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் அளவு. நாள் முழுக்கப் பூசணிச் சாறாகவே குடித்தாலும் பத்துக் கிராமை எட்டுவது கஷ்டம். உடம்பு தன் தசையை எடுத்துத் தின்னத் தொடங்கும்.

குடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்ற வாதத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2017இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வொன்றில் 20 பேர் மூன்று நாள் ஜூஸில் இருந்தபோது எடை குறைந்தது, குடல் பாக்டீரியாக்களின் விகிதமும் மாறியது. இரண்டு வாரத்தில் அந்த மாற்றம் ஓரளவு பழையபடி திரும்பியது. 2025இல் வெளியான நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வில் 14 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஜூஸ் மட்டும் குடித்தவர்களின் வாயிலும் குடலிலும் அழற்சியோடு தொடர்புள்ள பாக்டீரியாக்கள் கூடின. நார் கலந்த முழு உணவு சாப்பிட்டவர்கள் நிலை மேலாக இருந்தது. 20 பேர், 14 பேர் என்பதெல்லாம் சின்ன ஆய்வுகள், இவற்றை வைத்துக் கோயிலும் கட்ட முடியாது, கோயிலை இடிக்கவும் முடியாது. நாரைத்தான் தின்று வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு நாரை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க ஆய்வும் தேவையில்லை.

மோசமான கதைகள் தூரத்தில் நடந்தவை அல்ல. 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் அருகே, கல்லூரியில் சேரவிருந்த 17 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். எடை குறைக்க யூடியூப் பார்த்து மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டுமே குடித்துவந்தார் என்று குடும்பத்தார் சொன்னதைச் செய்தித்தாள்கள் எழுதின. கேரளத்தில் கொலஸ்ட்ரால் குறையும் என்று பிலிம்பிக்காய்ச் சாற்றைச் செறிவாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் பழுதானது 2013இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதிலுள்ள ஆக்சலேட் படிகமாகிச் சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிட்டது. பலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பசலை, பீட்ரூட் சேர்த்து அடித்த பச்சை ஜூஸால் அமெரிக்காவிலும் இதே பழுது வந்திருக்கிறது. கூட்டில் போட்டுத் தின்னும் அளவுக்கு உடம்பு பழகியிருக்கிறது. அரைக் கிலோ கீரையை ஒரே டம்ளரில் யாரும் சமைத்துச் சாப்பிட்டதில்லை.

பூசணியின் நெருங்கிய உறவான சுரைக்காயின் கதையைத் தெரிந்துகொள்வது இன்னும் அவசியம். 2010இல் டெல்லியில் நாள்தோறும் சுரைக்காய்ச் சாறு குடித்துவந்த ஒரு விஞ்ஞானி, ஒரு நாள் கசந்த சாற்றைக் குடித்து உயிரிழந்தார். அந்தக் கொடிக் குடும்பத்துக் காய்களில் குகுர்பிடாசின் என்ற கசப்பு நஞ்சு சில சமயம் மிகையாக ஊறும். வாந்தி, ரத்தப்போக்கு, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும். ஐசிஎம்ஆர் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து எளிய யோசனை சொன்னது. அடிப்பதற்கு முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள், கசந்தால் தூக்கிப் போடுங்கள், வேறு சாறோடு கலக்காதீர்கள். வெண்பூசணிக்கும் இதையே பின்பற்றுவது நல்லது. 'கசப்பு உடம்புக்கு நல்லது' என்ற நம் பேச்சு பாகற்காயோடு நிற்க வேண்டும்.

கைவண்டி ஜூஸைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. விடியற்காலையில் அரைத்து டிரம்மில் ஊற்றிவைத்த சாறு கொதிக்கவைத்தது அல்ல. கலந்த தண்ணீர் எது, ஐஸ் எது என்று கேட்டுக் குடிப்பதில் தவறில்லை. கடைக்காரரிடம் கண்ணெதிரே காயை நறுக்கச் சொல்லலாம். வீட்டில் செய்தால் வடிகட்டவே வேண்டாம். வடிகட்டியே தீர வேண்டுமென்றால் சக்கையைத் தேங்காய் சீரகம் அரைத்துவிட்டுக் கூட்டாக்குங்கள். காசு கொடுத்து வாங்கிய நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது.

முறைப்படி உபவாசம் இருக்க விரும்புகிறவர்களுக்கும் இடம் உண்டு. கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2000இலிருந்து இயங்குகிறது. யாருக்கு எத்தனை நாள், யாருக்குக் கூடவே கூடாது என்று பரிசோதித்துச் சொல்ல அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை சரிந்து மயங்கி விழலாம். சிறுநீரகம் பழுதானவருக்குச் சாற்றில் செறிந்த பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களுக்குக் கீரைச் சாறு அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். ஆகையால் சர்க்கரை, பிரஷர், கிட்னி, இதயம் இவற்றில் எதற்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும், அந்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள் சாப்பாட்டைக்கூட ஜூஸாக மாற்ற வேண்டாம்.